கடைக்குச் சட்டம், கூரியருக்கு?

2025 நவம்பர் 1இலிருந்து இலங்கையில் கடைக்காரர் ஷொப்பிங் பேக்கைச் சும்மா தரக்கூடாது. அதன் விலையை பில்லில் காட்டவேணும். தொகை சின்னதுதான். ஆனால் "பேக் வேணுமா?" என்று ஒருவர் கேட்கிறார், நாங்களும் ஒருக்கா யோசிக்கிறம். அந்தச் சட்டத்தின் பலமே அந்தக் கேள்விதான்.

அதே உடுப்பை இன்ஸ்டகிராமில் ஓடர் பண்ணிப் பாருங்கோ. உடுப்புக்கு ஒரு பொலித்தீன் கவர், அதுக்கு மேல கூரியர் கவர், சுத்திவர டேப். வேணுமா என்று யாரும் கேட்பதில்லை. கவரின் விலையும் டெலிவரி சார்ஜுக்குள்ளேயே மறைந்துவிடும்.

"வீட்டிலிருந்து சின்னதாய் பிஸ்னஸ் செய்யிற பிள்ளைகளை ஏன் நெருக்கிறீங்கள்?" என்று கேட்கலாம். நியாயம்தான். மழைக்காலத்தில் கடதாசிப் பார்சல் தாங்காது. நல்ல மாற்றுக் கவர் வாங்க அவர்களிடம் முதலும் இல்லை. அதனால் பெரிய பொறுப்பைக் கூரியர் கம்பனிகளிடமும் பெரிய ஒன்லைன் கடைகளிடமும் வைக்கவேணும்: கவருக்குத் தனி விலை காட்டட்டும், திரும்பப் பாவிக்கக்கூடிய கவரை அறிமுகப்படுத்தட்டும். சின்ன விற்பனையாளர் செய்யவேண்டியது ஒன்றுதான். ஓடர் எடுக்கும்போது "உள்கவர் வேணுமா?" என்று கேட்டால் போதும். அதற்குச் செலவில்லை.

2017 சித்திரைப் புத்தாண்டன்று மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடையானது அந்த செப்டெம்பரில்தான். பார்சல் கவருக்கான விதியாவது முன்கூட்டியே வரட்டும்.