இடிக்காமல் புதுப்பித்த பதினோரு மாடி

ஒரு கட்டடத்திற்கு வயதாகிவிட்டால் அதனை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே அறிவுடைமை என்னும் எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. பாட்டனார் கட்டிய வீடாயினும், பல்லாயிரம் மாணவர்கள் பயின்று வெளியேறிய கல்லூரியாயினும் தீர்ப்பு ஒன்றேதான். ஆனால் இடிபடும் ஒவ்வொரு தூணிலும் எவ்வளவு சிமெண்டும் இரும்பும் அடங்கியுள்ளன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் இட்டு ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டே சிமெண்ட் ஆக்கப்படுகிறது. மனிதரின் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்தே வருகிறது. நல்ல நிலையிலுள்ள தூணை இடிக்கும்போது, அதற்கென அன்று எரித்த எரிபொருளையும் சேர்த்தே மண்ணில் கொட்டுகிறோம். புதிய தூணுக்காகச் சூளையை மறுபடியும் மூட்டுகிறோம். இது வீண்விரயம் அல்லவா?

இதற்கு மாற்றான வழியொன்றை ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் காணலாம். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1815ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பழம்பெரும் கல்விக்கூடம். அதன் வேதியியல் துறைக்காக 1970களில் எழுந்த 11 மாடிக் கட்டடம், காலப்போக்கில் எரிசக்தியை விழுங்கும் பூதமாகிவிட்டது. பல்கலைக்கழகம் அதனை இடிக்கவில்லை. கான்கிரீட் எலும்புக்கூட்டை அப்படியே நிறுத்தி வைத்து, வெப்பம் எளிதில் ஊடுருவாத புதிய புறச்சுவரும் சாளரங்களும் அமைத்து, 2014ஆம் ஆண்டு அலுவலக மாளிகையாகத் திறந்தது. கூரையிலும் சுவர்களிலுமாக 2,199 சதுர மீட்டர் பரப்பில் சூரிய மின்தகடுகள் பதிக்கப்பட்டன. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால், தன் தேவைக்கும் மேலாகவே எரிசக்தி ஈட்டும் வண்ணம் அக்கட்டடம் திட்டமிடப்பட்டது.

அப்படியாயின் சூரியத் தகடுகளே இதன் இரகசியம் என்று வாசகர்கள் கருதக்கூடும். அதுவன்று. பெருஞ்செலவாளியான ஒரு கட்டடத்தின் பசியைத் தகடுகளால் மட்டும் தீர்க்க முடியாது. பசியைக் குறைப்பதே முதற்பணி. ஆய்வாளர்கள் அங்கு மின்சாரம் உண்ணும் பொருள்களைக் கணக்கெடுத்தார்கள். விளக்கு, கணினி, தொலைபேசி, மின்தூக்கி, காப்பி இயந்திரம் என்று தொடங்கிய பட்டியல் ஏறத்தாழ 9,300 உறுப்புகள் வரை நீண்டது. ஒவ்வொன்றுக்கும் குறைந்த மின்சாரத்தில் அதே பணியைச் செய்யும் மாற்று தேடப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கருவி உண்ணும் மின்சாரம் இறுதியில் வெப்பமாகவே அறையில் தங்குகிறது. கோடையில் அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனம் மேலும் மின்சாரம் கேட்கிறது. எனவே கருவியில் மிச்சப்படுத்துவது குளிர்சாதனத்திலும் மிச்சமாகிறது. வியன்னாவில் கோடை இரவுகளில் காற்றுவழிகள் தாமாகவே திறந்து, குளிர்ந்த காற்றை உள்ளே விட்டுக் கான்கிரீட்டை ஆற்றுகின்றன. பெருங்கணினிகளின் வெப்பம் கட்டடத்தைச் சூடேற்றப் பயன்படுகிறது. மின்தூக்கி தன் ஓட்டத்தைத் தணிக்கும்போதும் மின்சாரத்தை மீட்டுத் தருகிறது.

விளைவு என்ன? மின்நிலையத்தில் எரியும் எரிபொருளையும் சேர்த்துக் கணக்கிடும் முறைப்படி, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 803 யூனிட்டாக இருந்த தேவை 56 யூனிட்டாகக் குறைந்தது. முன்பு வேதியியல் துறையின் கட்டடம், இப்போது அலுவலகம் என்னும் வேறுபாட்டையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும். ஆயினும் இது வியக்கத்தக்க மாற்றமே.

வியன்னாவில் செய்ததையெல்லாம் அப்படியே நாம் செய்ய இயலாது. அங்குள்ள கோடை இரவின் குளிர்ச்சி, புழுக்கம் நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் கிடைப்பதில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கும் பழக்கத்திற்குத் தட்பவெப்பம் ஒரு தடையன்று. ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் 60 கணினிகள் அணைத்த பின்னும் இணைப்பிலேயே இருந்து, ஒவ்வொன்றும் 5 வாட் இழுப்பதாகக் கொள்வோம். பூட்டிய கூடத்தில் 16 மணி நேரத்தில் 4.8 யூனிட் வீணாகும். 30 இரவுகளில் 144 யூனிட்! அதற்குரிய கட்டணத்தை மாணவர்களின் பெற்றோர்தாமே சுமக்கிறார்கள்?

கல்விக்கூடங்களை நிருவகிக்கும் பெரியோர்கள், இடிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பழைய தூண்களின் உறுதியைத் தகுந்த பொறியாளரைக் கொண்டு சோதிப்பார்களாக. சூரியத் தகடு வாங்கும் முன், கையில் குறிப்பேட்டுடன் ஒருநாள் அறை அறையாகச் சென்று, எது எதற்காக எரிகிறது என எழுதுவார்களாக. இல்லத்தரசிகளும் இதனைத் தம் வீட்டில் இன்றிரவே செய்து பார்க்கலாம். அதற்குக் காகிதமும் பேனாவும் போதும்.