ஓடும் வீட்டின் சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் சுவரைப் பார்த்தவர்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் சுவரை அவர்கள் கண்டதில்லை. நான் கண்டேன். கண்டதோடு விட்டதா? அந்தச் சுவரில் மாட்டியிருந்த டெலிவிஷனை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் மாப்பிள்ளை ஒரு வீட்டு வண்டி வாங்கினார். புதிதல்ல, ஒருவர் பல வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. அமெரிக்கர்கள் இதை 'ஆர்.வி.' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அடுப்பு, குளிர்ப்பெட்டி, கட்டில், குளிக்கும் அறை எல்லாம் அதற்குள் அடக்கம். இது நேற்று வந்த பித்து அல்ல. 1910-ம் வருஷமே நியூயார்க்கில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியார், பின் ஆசனம் மடங்கிப் படுக்கையாக மாறும் மோட்டார் ஒன்றைக் கண்காட்சியில் வைத்தார்கள். 1969-ல் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய மூன்று பேரையும், சந்திரனிலிருந்து ஏதாவது கிருமி கொண்டு வந்திருப்பார்களோ என்ற பயத்தில், முதலில் அடைத்து வைத்தது ஏர்ஸ்ட்ரீம் வண்டி ஒன்றை மாற்றியமைத்த கூண்டில்தான். சந்திரனுக்குப் போகாத எங்களையும் அதே மாதிரி ஒரு கூண்டில் ஏற்றிக்கொண்டு, ஜனவரி மாதத்தில் அரிஸோனா பாலைவனத்துக்குப் புறப்பட்டார் மாப்பிள்ளை.

குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். வெயில் காலத்தில் அங்கே அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். குளிர் காலம் வந்துவிட்டால், வடக்கே பனியில் நடுங்குகிறவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டை ஓட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் வண்டி, வண்டி, வண்டி! நாங்கள் தங்கிய வெட்டவெளியில் தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்சாரக் கம்பி கிடையாது. வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பாட்டரியைக் கொண்டுதான் காலம் தள்ள வேண்டும்.

முதல் நாள் சாயங்காலமே பேத்தி சினிமாப் படம் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். ஆறு வயசு. படம் இருந்த கம்ப்யூட்டரையும் டெலிவிஷனையும் ஒரு கம்பியால் இணைத்தால் போதும். ஆனால் அந்தக் கம்பியைச் செருகும் துவாரம் டெலிவிஷனின் முதுகில் இருந்தது. டெலிவிஷனோ சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடையில் என் சுண்டு விரல்கூட நுழையவில்லை.

"மாமா, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு இழுப்பில் வந்துவிடும்" என்றார் மாப்பிள்ளை.

வந்தது. ஆனால் டெலிவிஷன் மட்டும் வரவில்லை. அதைத் தாங்கியிருந்த இரும்புத் தகடும் சுவரிலிருந்து கால் அங்குலம் முன்னால் வந்துவிட்டது! மேல் வரிசைத் திருகாணிகள் இரண்டும் பல் ஆடுவது போல ஆடின. அந்த நிமிஷத்திலிருந்துதான் நான் துவாரபாலகர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன்.

பக்கத்து வண்டிக்காரர் சத்தம் கேட்டு வந்தார். எழுபது வயசுக்கு மேலிருக்கும். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் முதலில் என் பரிதாப நிலையைப் பார்க்கவில்லை. டெலிவிஷனுக்குக் கீழே கைவிட்டுத் துழாவினார். சின்னப் பட்டை ஒன்று தொங்கிற்று. அதை இழுத்ததும் 'டக்' என்று சத்தம் கேட்டது. டெலிவிஷன் கதவு திறப்பது போலச் சுலபமாக முன்னால் வந்தது.

ஆகவே வாசகர்களே, இப்படிப்பட்ட வண்டிக்குள் என்றாவது நீங்கள் அகப்பட்டுக்கொண்டால், டெலிவிஷனை இழுப்பதற்கு முன்னால் தேடுங்கள். வண்டி ஓடும்போது ஆடாமலிருப்பதற்காக எங்கேயாவது ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். சிலவற்றில் இழுக்கும் பட்டை இருக்கும். வேறு சிலவற்றில் டெலிவிஷன் கொக்கி போல ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். அடியில் இருக்கும் சிறு திருகாணிகளைத் தளர்த்திவிட்டு, அடிப்பக்கத்தைச் சற்று முன்னால் சாய்த்து மேலே தூக்க வேண்டும். திருகாணிகளின் தலையைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். பல வண்டிகளில் அந்தத் தலையில் சதுரக் குழி இருக்கும். நம் வீட்டுத் திருப்புளி எதுவும் அதில் உட்காராது. ராபர்ட்ஸன் என்ற கனடாக்காரர் 1908-ல் கண்டுபிடித்த வேலை அது. அதற்கென்று தனித் திருப்புளி ஒன்றை வண்டியில் வைத்திருப்பது நல்லது.

கம்பிகளைக் கழற்றும் முன் கிழவனார் ஒரு கேள்வி கேட்டார்: ஆன்டெனாவுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினீர்களா? மாப்பிள்ளை விழித்தார். கூரையிலுள்ள ஆன்டெனாவுக்குப் பலம் கொடுப்பதற்காக டெலிவிஷன் கம்பி வழியாகவே 12 வோல்ட் மேலே போகிறதாம். சுவரிலே ஒரு சின்னப் பொத்தானும், பக்கத்தில் பொட்டு வைத்தது போலப் பச்சை விளக்கும் இருந்தன. அதை அணைக்காமல் கம்பியைக் கழற்றி, நடு ஊசி எங்கேயாவது பட்டுவிட்டால் ப்யூஸ் போய்விடும். அணைத்தோம். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதை மாப்பிள்ளை டெலிபோனில் படம் பிடித்துக்கொண்டார். டெலிவிஷனைக் கழற்றிக் கட்டிலில் கம்பளிமேல் வைத்தோம். எனக்கும் விடுதலை கிடைத்தது.

பிறகு கிழவனார் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நம் ஊரில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. டொக், டொக் என்று சத்தம். ஒரு சாண் தூரம் தள்ளியதும் சத்தம் மாறிக் கெட்டியாகக் கேட்டது. அவர் முகமும் மாறிற்று.

விஷயம் இதுதான். அந்தச் சுவர் சுவரே அல்ல. உள்பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய பலகை. அதன்மேல் மரம் போலத் தோன்றும் காகிதம். நடுவில் குளிர் தாங்குவதற்காக நுரை போன்ற சரக்கு. வெளிப்பக்கம் பைபர்கிளாஸ் தகடு. அங்கங்கே அலுமினியச் சட்டம். எல்லாம் சேர்ந்து இரண்டு அங்குலம்கூட இல்லை. வண்டியைத் தயாரித்தவர்கள் டெலிவிஷன் மாட்ட வேண்டிய இடத்தில் மட்டும் உள்ளே கெட்டிப் பலகை வைத்திருந்தார்கள். முன்பு வண்டியை வைத்திருந்தவர் பெரிய டெலிவிஷன் வாங்கியபோது, பார்வைக்கு நடுவாக இருக்க வேண்டும் என்று ஒரு சாண் தள்ளி மாட்டிவிட்டார். அதாவது நாலு திருகாணிகளும் அப்பளக் கனப் பலகையையும் நுரையையும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கின்றன! டெலிவிஷனின் எடை ஐந்து கிலோ இருக்கலாம். ஆனால் முன்னால் நீளும் கையின் நுனியில் அது தொங்குகிறது. வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் மேல் திருகாணிகளை நெம்புகிறது. அலை அலையாக மடிந்து கிடக்கும் சரளைப் பாதையில் அன்று காலைதான் நாங்கள் வந்திருந்தோம்.

என் பெண் அதுவரையில் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையை இறக்கி, மெத்தைகளைப் பரப்பினால் அதுவே படுக்கை. பேத்தி படுப்பது அதில்தான். அவள் தலையணை எங்கே இருக்கும் என்று பார்த்தாள்; மேலே ஆடிக்கொண்டிருந்த தகட்டைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நான்? "அழகான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள்" என்று காலையில் மெச்சியவன் நான்தான்.

மறுநாள் ரிப்பேர் வேலை. கிழவனார் தம் வண்டியின் வயிற்றிலிருந்து அரை அங்குலக் கனத்தில் ஒரு பிளைவுட் பலகை எடுத்தார். பழைய இடத்திலேயே பெரிய திருகாணியாகப் போட்டு இறுக்கிவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். "போடலாம்; வெளியே எட்டிப் பார்க்கும்; மழை உள்ளே வரும்" என்றார். நான் அதற்குப் பிறகு யோசனை சொல்லவில்லை.

சட்டம் இருக்கும் இடத்தைக் காந்தத்தால் கண்டுபிடிக்கலாம் என்று மாப்பிள்ளை நினைத்தார். அலுமினியத்தில் காந்தம் ஒட்டுமா? ஆகவே தட்டிப் பார்த்து, பலகை பின்னால் மூடிவிடப் போகிற இடத்தில் மட்டும் ஊசித் துவாரம் போட்டு உறுதி செய்துகொண்டார் கிழவனார். சுவருக்குள் மின்சாரக் கம்பி ஓடலாம் என்று பாட்டரித் தொடர்பை முதலில் துண்டித்துவிட்டார். துளைபோடும் ஊசியில் எவ்வளவு ஆழம் போகலாமோ அந்த இடத்தில் நாடா சுற்றிக்கொண்டார். நாடா சுவரைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

பலகை ஒரு பக்கம் உள்ளேயுள்ள கெட்டிப் பலகைமீதும், மறுபக்கம் அலுமினியச் சட்டத்தின்மீதும் உட்காரும்படி அகலமாக வெட்டப்பட்டது. டெலிவிஷன் தகட்டுக்கான போல்டுகளைப் பின்பக்கமிருந்தே அதில் பொருத்தினார். பிறகு பசை தடவிச் சுவரில் அழுத்தி, இரு ஓரங்களிலும் திருகாணி முடுக்கினார். ஒரு நாள் முழுவதும் பசை காயட்டும் என்றார். குழந்தை அன்றைக்கும் படம் பார்க்காமல் தூங்க வேண்டியதாயிற்று.

திரும்ப மாட்டும்போது ஒரு சங்கடம். டெலிவிஷன் முதுகில் நாலு துவாரங்கள் சதுரமாக இருக்கும். சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளி. எங்களுடைய பழைய திருகாணி ஒன்று எங்கேயோ உருண்டு ஓடிவிட்டது. மாப்பிள்ளை கைக்கு அகப்பட்ட நீளத் திருகாணியை எடுத்தார். கிழவனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நீளம் அதிகமானால் உள்ளே போய்க் கண்ணாடித் திரையின் முதுகைக் குத்திவிடும்! ஒரு மணி நேரம் தேடி, என் செருப்புக்குள்ளிருந்து பழைய திருகாணியைக் கண்டெடுத்தோம்.

எல்லாம் முடிந்ததும் கிழவனார் பலகையைப் பிடித்துத் தொங்குவது போல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. என் மனைவி கொடுத்த காப்பியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிரவு பேத்தி படம் பார்த்தாள். பார்த்து முடித்ததும் என் பெண் தலையணையை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டாள். "அதுதான் கெட்டியாகிவிட்டதே!" என்றார் மாப்பிள்ளை. "இருக்கட்டும்" என்றாள்.

ஊருக்குத் திரும்பிய அன்று, சரளைப் பாதை தாண்டும் வரையில் என்று சொல்லி டெலிவிஷனைக் கழற்றச் செய்தாள். சரளைப் பாதை தாண்டி நெடுஞ்சாலையும் வந்தது. அவள் மாட்டச் சொல்லவில்லை. கலிபோர்னியா வரையில் டெலிவிஷன் கட்டிலில் கம்பளி போர்த்திப் படுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லாரும் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே வந்தோம்.