பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோ: பயப்படாம கேளுங்க

போன வாரம் நண்பர் ஒருத்தருக்கு ஆல்பன் பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோவைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகலை, "இன்னும் சுருதி சேத்து முடிக்கலையா?" என்றார். கிண்டல்தான். ஆனா சரியான இடத்தைப் பிடிச்சிட்டார்! அதில் வயலின் நுழைவதே, விரல் வைக்காத நாலு தந்திகளையும் வரிசையாகத் தொட்டு மேலே போய்க் கீழே இறங்கித்தான்.

இந்த இசையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு சுர முறையில் ஆரம்பிப்பார்கள். என் கட்சி வேறு. கணக்கு பெர்க்குக்கு, நமக்குக் காது போதும். சுமார் 25 நிமிஷம், இரண்டே பகுதிகள். நாலு இடங்களை மட்டும் அடையாளம் வெச்சுக்குங்க.

ஒண்ணு, நண்பர் கிண்டலடித்த அந்த ஆரம்பம். ரெண்டு, முதல் பகுதியின் கடைசிப் பக்கம் நடனத்துக்கு நடுவே வரும் ஆஸ்திரிய கிராமத்துப் பாட்டு. மூணு, இரண்டாம் பகுதி திடீரென்று அலறலோடு தொடங்குவது. நாலாவதுதான் முக்கியம். அலறல் உச்சத்துக்குப் போய் ஓய்ந்ததும் வயலின் ஒரு பழைய தேவாலயப் பாடலை எடுக்கும், கிளாரினெட்டுகள் ஆர்கன் மாதிரி பதில் சொல்லும். அந்த ஒத்திசைவு பாக் தன் 60-ம் எண் கான்ட்டாட்டாவில் அமைத்தது. பாடலின் தலைப்புக்கு 'போதும்' என்று அர்த்தம். அதன் முதல் நாலு சுரங்களின் நடை, பெர்க்கின் பன்னிரண்டு சுர வரிசையின் கடைசி நாலிலேயே இருக்கிறது. அதனால்தான் இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாக் இதற்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார முடிகிறது.

1935-ல் லூயிஸ் கிராஸ்னர் என்ற வயலின் கலைஞர் கேட்டதற்காக ஒப்புக்கொண்ட வேலை இது. அந்த ஏப்ரலில் நண்பர்கள் வீட்டுப் பெண் மனோன் குரோப்பியஸ் போலியோவில் இறந்துபோனாள். வயது 18. 'ஒரு தேவதையின் நினைவாக' என்று எழுதி ஆகஸ்டில் முடித்தார் பெர்க். டிசம்பர் 24 அன்று அவரும் போய்விட்டார். 1936 ஏப்ரலில் பார்சிலோனாவில் முதல் அரங்கேற்றம். தன் படைப்பை அவர் கேட்கவே இல்லை.

கடைசியில் வயலின் ரொம்ப மேலே ஏறி நிற்க, ஆரம்பத்தில் கேட்ட அதே தந்திச் சுரங்கள் மெதுவாகத் திரும்ப வரும். சுருதி சேர்ப்பதாகத் தோன்றியது இப்போது விடைகொடுப்பதாகக் கேட்கும்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தக் கிளாரினெட் இடத்தை இன்னொரு தரம் போடுங்க" என்றார். :-)