எப்போது பேசுவார்?

பக்கவாதம் வந்தவரை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றியதும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, ‘நடப்பாரா?’ அடுத்தது, ‘பேசுவாரா?’ முதல் கேள்விக்கு எப்படியோ பதில் கிடைத்துவிடும். பிசியோதெரபிஸ்ட் வந்து காலைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு கணக்குச் சொல்வார். இரண்டாவது கேள்விக்கு, ‘போகப் போகப் பார்க்கலாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, மொழியைக் கையாளும் பகுதி பட்டுப்போனால் வருவது அஃபேசியா என்னும் பேச்சிழப்பு. வாய் கோணிச் சொல் குழறுவது வேறு, இது வேறு. மனிதரை அடையாளம் தெரியும், வீட்டுக் கணக்கு நினைவிருக்கும், கோபமும் பாசமும் அப்படியே இருக்கும். சொல்தான் வராது, சிலருக்குப் பிறர் சொல்வதும் பிடிபடாது. ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று உறவினர்கள் அவர் காதுபடவே பேசுவது இந்த நோயில் நடக்கும் பெருங்கொடுமை.

எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? கோபன்ஹேகனில் பக்கவாதம் வந்த 881 பேரைத் தொடர்ந்து கவனித்து 1995-ல் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவமனையில் சேரும்போது 38 சதவீதம் பேருக்குப் பேச்சிழப்பு இருந்தது. வெளியேறும்போது 18 சதவீதம். ஆரம்பத்தில் பாதிப்பு எவ்வளவு கடுமையாக இருந்ததோ அதுதான் முடிவைத் தீர்மானித்தது. வயதுக்குப் பெரிய பங்கில்லை. லேசான பாதிப்பு இரண்டு வாரத்திலும், கடுமையானது பத்து வாரத்திலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது என்றார்கள். ஆனால் அங்கே பேச்சை அளந்தது பொதுவான பக்கவாத அளவுகோலில் உள்ள ஒரே ஒரு அம்சத்தை வைத்து. நுணுக்கமான முன்னேற்றம் அதில் பிடிபடாது. ‘சில மாதத்தில் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை’ என்ற நம்பிக்கைக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள் வலு சேர்த்தன.

பிறகு, இழந்ததில் சுமார் 70 சதவீதம் திரும்பிவிடும் என்று பெரும்பாலானவர்களுக்குப் பொதுவான ஒரு விதி பிரபலமானது. அந்த விதி கணக்கு முறையின் மாயத்தாலேயே அத்தனை கச்சிதமாகத் தோன்றியிருக்கலாம் என்று 2019-ல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அந்த லண்டன் குழுவின் வேலையைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் கேத்தி பிரைஸ் நடத்தும் திட்டம் அது, பெயர் ப்ளோராஸ். பக்கவாதம் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும், படம் பார்த்துப் பெயர் சொல்வது, கேட்டுப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது என்று தனித்தனியாக அளந்த மதிப்பெண்களையும், பக்கவாதம் வந்து எத்தனை மாதம் ஆனது என்பதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்தால், மூளையில் அவருக்கு அடிபட்ட அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவு அடிபட்ட பழைய ஆட்களைக் கணினி தேடி எடுக்கும். அவர்கள் முதல் வருடத்தில் எப்படி இருந்தார்கள், மூன்றாம் வருடத்தில் எங்கே நின்றார்கள் என்பதை வைத்து இவருடைய பாதையைக் கணிக்கும். பொது விதி கிடையாது, ‘உங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஆனது’ என்பதுதான் பதில். குடும்பத்துக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தச் சேகரிப்பு பழைய பாடங்களையும் திருத்தியிருக்கிறது. 1861-ல் பாரிஸில் பால் ப்ரோகா, ‘டான்’ என்ற ஒரே அசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, பேச்சின் இருப்பிடம் இதுவென்று ஒரு பகுதியைக் காட்டினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம் அது. ப்ரோகா பகுதி சேதமானதால் மட்டும் பேச்சு நெடுங்காலம் முடங்குவதில்லை, அதனடியில் ஓடும் நரம்பிழைக் கற்றை அறுபடுவதே நிலையான பாதிப்பைத் தருகிறது என்று இதே குழு 2021-ல் எழுதியது. ஸ்கேனில் சேதம் எங்கே என்பதோடு, எவ்வளவு ஆழம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால் முக்கியம்.

பக்கவாதத்தில் இப்படிப் பேச்சை இழந்த என் பெரியப்பாவிடம் கரண்டியைக் காட்டினால், ‘அது… அது வந்து… தட்டு’ என்பார். தட்டு இல்லை என்று அவரே தலையாட்டி மறுத்து, தொடையில் ஓங்கித் தட்டிக்கொள்வார். ஆனால் பெரியம்மா ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தொடங்கிவிட்டால் பத்து வரை தங்குதடையின்றிப் போவார். நாலு விரலைக் காட்டி எத்தனை என்றால் வாய் திறக்காது. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து நாலில் நின்றுகொள்வார். பழகித் தேய்ந்த சொல்வரிசை தப்பித்துவிடும், தேடி எடுக்க வேண்டிய சொல்தான் சிக்கிக்கொள்ளும். அவரைப் பார்த்த மருத்துவர் ஒருவர், ‘ஆறு மாசத்துல வரலைன்னா அவ்வளவுதாம்மா’ என்றார். பெரியம்மா அன்றோடு பயிற்சிக்கு அழைத்துப் போவதை நிறுத்தினார். பிறகு அத்தை வற்புறுத்தியதில் மறுபடி தொடங்கினார். இரண்டாம் வருடம் பெரியப்பா அடுப்படியைப் பார்த்து, ‘ஏம்மா, பால் பொங்குது’ என்று முழுசாகச் சொன்னார்.

இது எங்கள் வீட்டு அதிசயம் இல்லை. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்த 156 பேரை வைத்துச் செய்த சோதனை 2017-ல் லான்செட் இதழில் வந்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி பெற்றவர்களின் அன்றாடப் பேச்சு உறுதியாக மேம்பட்டது. இந்தப் பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே, ‘இனி வராது’ என்று கெடு வைப்பது கணிப்பே அல்ல; கணிப்பு இல்லாத இடத்தை நிரப்பும் ஊகம். அது பயிற்சியை நிறுத்தவைக்கிறது, பிறகு தானே பலிக்கிறது.

லண்டன் கணினியைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் போதுமா? போதாது. ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களை வைத்துப் பழக்கிய கணிப்பை இருமொழிக்காரர்களிடம் அதே குழு பரிசோதித்தபோது, எதிர்பார்த்ததைவிட அவர்களின் மதிப்பெண் குறைவாக வந்தது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஆபீஸில் ஆங்கிலம் என்று வாழ்பவருக்கு எந்த மொழி எப்போது திரும்பும் என்பதை நம் ஆட்களை அளந்துதான் சொல்ல முடியும். அளக்கும் தமிழும் வாயில் புழங்கும் தமிழாக இருக்க வேண்டும். ஏட்டுத் தமிழ் வாக்கியத்தைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னால் நல்ல வாய்க்காரரே தடுமாறுவார்.

நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பக்கவாதத்துக்கு நாள்தோறும் ஸ்கேன் எடுக்கிறார்கள். கணிப்புக்கு வேண்டியதில் பாதி அங்கேயே இருக்கிறது. மறுபாதி, ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதே மனிதரை உட்காரவைத்துப் பேச்சை அளந்து குறித்துக்கொள்வது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே வண்டியில் பேச்சுப் பயிற்சியாளரையும் அனுப்ப வேண்டும். பயிற்சியும் நடக்கும், கணக்கும் சேரும். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை, வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஸ்கேன் சி.டி.யைப் பத்திரப்படுத்துங்கள், முதல் வாரத்திலேயே பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள், யார் கெடு சொன்னாலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.