வெளிநாட்டில் வனவியல் படித்தவர் ஜவ்வாது மலையில் பாஸ் ஆவாரா?

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நாலு வருஷம் வனவியல் படித்த ஒருவர் கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போனால், அந்தப் பட்டத்தை வைத்து மட்டும் அங்கே ‘பதிவுபெற்ற வனவியலாளர்’ என்று போட்டுக்கொள்ள முடியாது. 2000-ல் வந்த சட்டப்படி, வனவியலாளர் சங்கத்தில் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் என்ன தெரியும், எது விடுபட்டிருக்கிறது என்று தனியாக மதிப்பிடுவார்கள். விடுபட்டதை நிரப்பத்தான் இணைப்புப் பயிற்சி.

சரி, அப்படியே திருப்பிப் பாருங்கள். கனடாவில் வனவியல் படித்தவர் நம்ம ஊருக்கு வந்தால்?

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு இங்கே தகுதித் தேர்வு இருக்கு. வக்கீலுக்கு பார் கவுன்சில். வனவியலுக்கு அப்படி ஒரு கவுன்சிலே கிடையாது. இந்திய வனப் பணிக்குப் போகிறவருக்காவது டேராடூனில் பயிற்சி உண்டு (அந்தத் தேர்வைக் கணிதம் படித்தவரும் எழுதலாம் என்பது தனிக்கதை). தனியார் ஆலோசகராக வருகிறவருக்குப் பட்டம் இருந்தால் போதும், நேராகக் காட்டுக்குள் இறங்கிவிடலாம்.

சிக்கல் அங்கேதான். மரத்தின் சுற்றளவை அளக்க எங்கே படித்தாலும் ஒன்றுதான். ஆனால், ஜமுனாமரத்தூரில் ஒருவரின் பட்டா நிலத்தில் நிற்கும் சந்தன மரத்தை அவரே இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அதற்கு 2008-ல் வந்த தனி விதிகள் இருக்கு. சாமை விதைக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பம் (கேரளத்து மலையாளிகள் இல்லை, அதையே முதல் பாடமாக வைக்கலாம்) 2006 வன உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்கலாம், அதில் கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்பது எந்த வெளிநாட்டு வகுப்பிலும் வராது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. இது தெரியாமல் போய், ‘மரம் எண்ண வந்திருக்கோம்’ என்று நின்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

ஆக, இங்கே தேவைப்படும் இணைப்புப் பயிற்சி மரத்தைப் பற்றியதே அல்ல. சட்டமும் சனங்களும்தான் பாடம். மேட்டுப்பாளையமே ஆறு மாதப் படிப்பாக இதைத் தொடங்கலாம்: பாதி நாள் வகுப்பில், பாதி நாள் மலையில். மலையில் பாடம் நடத்தும் பெரியவர்களுக்கு ஆசிரியர் என்ற பெயரிலேயே சம்பளம் போட வேண்டும். ‘லோக்கல் கைடு’ என்று சொல்லி, கையில் ஒருநாள் கூலியைத் திணித்து அனுப்பிவிடக் கூடாது.