படம் இருந்தால் துப்பறிவாளர் எதற்கு?

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குத் துணை துப்பறியும் நாவல்கள்தான். அவற்றில் எலிசபெத் பீட்டர்ஸ் எழுதிய விக்கி பிளிஸ் கதைகள் தனி ரகம். 1973-இல் தொடங்கிய வரிசை. கதாநாயகி கலை வரலாறு படித்தவர். சிலையும் ஓவியமும் பார்த்துப் பழகிய கண்ணாலேயே திருட்டைப் பிடித்துவிடுவார்.

நம் பக்கம் அப்படி யாராவது உண்டா என்றால், டாக்டர் இரா. நாகசாமியைத்தான் சொல்வேன். தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர். 1976-இல் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர், பல கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982-இல் ஒரு கனடா நிறுவனம் அவரை வாங்கியது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அது பத்தூர்ச் சிலைதான் என்று காட்ட, அங்கே கிடைத்த மற்றச் செப்புத் திருமேனிகளோடு ஒப்பிட்டு நாகசாமி லண்டனில் சாட்சி சொன்னார். 1991-இல் நடராஜர் ஊர் திரும்பினார்.

நாவலாக இருந்தால் இதோடு புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் கணக்குப் பாருங்கள், 15 ஆண்டுகள்! மண்ணுக்குள் கிடந்த சிலைக்கு ஏது புகைப்படம்? அதனால்தான் அவ்வளவு பெரிய அறிஞர் தேவைப்பட்டார்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கதை வேறு. அந்தக் கோயில் நடராஜரைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-இல் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதே சிலையைக் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் வாதாட என்ன இருக்கிறது? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார்.

ஆகவே என் கருத்து இதுதான்: கெட்டிக்காரத் துப்பறிவாளர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் திருப்பாலைக்குடி போன்ற கடலோர ஊர்களிலும் சின்னக் கோயில்கள், பழைய பள்ளிவாசல்கள், கல்வெட்டுகள் உண்டு. பெரிய கோயில்களுக்கு இருக்கும் காவல் இவற்றுக்குக் கிடையாது. முன்புறம், பின்புறம், பீடம், உடைந்த இடம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். உயரத்தை அளந்து, தேதியும் ஊர்ப் பெயரும் எழுதி, ஒரு பிரதியை வெளியூரில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

படம் எடுத்தால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும் என்பார் சிலர். நியாயமான பயம்தான். அதற்காக முகநூலில் போட வேண்டாம். ஆனால் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். விற்க வருகிற திருடன் கையில் படம் இருக்கும். இழந்த ஊரின் கையிலும் ஒன்று இருக்க வேண்டாமா?