பேய் அறைந்ததா, இரத்தம் உறைந்ததா?

நம் நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று முறை கரு கலைந்துவிட்டால் "இராசியில்லாதவள்" என்ற பட்டம் உடனே கிடைத்துவிடுகிறது. பிறகு அவளுக்கே முப்பது வயதில் வாய் கோணி, ஒரு பக்கத்துக் கை கால் விழுந்துவிட்டால் "பேய் அறைந்துவிட்டது" என்பார்கள். பூசாரியும் வேப்பிலையோடு வந்துவிடுவான். கரு கலைந்ததற்கும் கை விழுந்ததற்கும் ஒரே காரணம் இருக்கலாமே என்று கேட்க மாத்திரம் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

எல்லோருக்கும் இதுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சிலருக்கு, நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் சொந்த உடம்பையே எதிர்க்கிறது. காவல்காரன் வீட்டாரையே அடிப்பது போன்ற சங்கதி இது. இதனால் இரத்தம் அநாவசியமாக உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம்; அதே எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கெடுத்தால் கருச்சிதைவு. இவை ஒரே நோயின் குறிகள் என்று 1983-ல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற டாக்டர் எடுத்துக்காட்டினார். லூபஸ் என்ற நோயுள்ளவர்களில் பலருக்கு இது இருக்கிறது. லூபஸ் இல்லாதவர்களுக்கும் வருகிறது.

நிற்க, இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மேகநோயைக் கண்டுபிடிக்க 1906-ல் வாசர்மன் என்ற ஜெர்மானியர் ஏற்படுத்திய வழியில் வந்த இரத்தப் பரீட்சை, இந்நோயாளிகள் சிலருக்கு இல்லாத மேகநோயை இருப்பதாகக் காட்டிவிடும். வேறு பரீட்சை செய்தால் உண்மை தெரிந்துவிடும். அதற்குள் ஊரார் வாய் சும்மா இருக்குமா? இராசியில்லாதவள், பேய் பிடித்தவள் என்பவற்றோடு "நடத்தை கெட்டவள்" என்ற பட்டமும் அவள் தலையில் ஏறிவிடும். இரத்தம் உறைந்த குற்றத்திற்குக் கற்பின்மேல் பழி! ஆணுக்கும் இந்நோய் வருகிறதே, அவனுக்கு இப்பட்டங்களை யாராவது கொடுக்கிறார்களா?

இந்த எதிர்ப்பொருளுக்கென்றே தனிப் பரீட்சை இருக்கிறது. அதில் இருப்பதாகக் கண்டால் 12 வாரத்திற்குப் பின் மறுபடியும் பார்த்து ஊர்ஜிதம் செய்கிறார்கள். இரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இரத்தம் உறையாதிருக்க வார்பரின் கொடுக்கிறார்கள். அது கருவுக்கு ஆகாதாகையால், கருவுற்ற காலத்தில் ஹெப்பாரின் ஊசியும் ஆஸ்பிரினும் கொடுக்கிறார்கள். இவ்விதம் பலருக்குப் பிள்ளை நிலைத்திருக்கிறது.

கை விழுந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குச் சாதாரணமாக நாலரை மணி நேரமே கெடு. பூசாரியின் உடுக்கை அடித்து ஓய்வதற்குள் அக்கெடு போய்விடும். ஆகவே தோழர்களே, வாய் கோணினால், பேச்சுக் குழறினால், அந்நிமிஷமே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கரு கலைந்ததுண்டா என்று டாக்டர் கேளாவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அவளைப் பழித்த வாய்க்கு அதுவாவது பிராயச்சித்தமாகட்டும்.